வெந்நீர்க் கருவியும் வெளிப்போக்குக் குழாயும்

ஹைதராபாத்தின் பழைய வீடுகளில் வெந்நீருக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஹமாம் என வழங்கிய செம்புக் கொதிகலன் முற்றத்திலோ, குளியலறைக்கு அப்பாலோ நின்றது. அடியில் விறகோ கரியோ எரியும். நடுக்குழாய் வழியே புகை மேலே செல்லும். தமிழ்நாட்டு வீடுகளில் கொல்லைப்புறத்தில் இருந்த வெந்நீர் அடுப்பும் இதே மரபைச் சேர்ந்ததே. அந்த ஏற்பாட்டில் சிரமம் மிகுதி; எனினும் புகை கண்ணைக் கரித்ததால், அது வெளியேற வழி செய்யாமல் எவரும் இருந்ததில்லை. புகையே காவலாளியாகவும் பணியாற்றியது எனலாம்.

இன்று அந்த இடத்தை, சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. நீரைத் தேக்கி வைக்காமல், குழாயைத் திறந்தவுடன் ஓடும் நீரை ஓட்டத்திலேயே சூடாக்கித் தரும் எரிவாயுக் கருவி அது. மக்கள் வழக்கில் அது 'கேஸ் கீசர்'. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஹைதராபாத்தின் இரவு வெப்பநிலை 15 பாகைக்கும் கீழே இறங்குகிறது. மாடித் தொட்டியில் கிடந்த நீர் காலையில் சில்லென்று வருகிறது. மின்சாரக் கட்டணத்தை எண்ணுவோர்க்கு இக்கருவி கவர்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 3 கிலோவாட் மின்கருவி ஒரு நிமிடத்தில் 2 லிட்டர் நீரைக்கூடக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர இயலாது. எரிவாயுக் கருவியோ 6 லிட்டர் தருகிறது.

கருவியை மாட்ட வரும் தொழிலாளியிடம் வெளிப்போக்குக் குழாய் பற்றிக் கேட்டால், "புகையே வராத கருவிக்குப் புகைபோக்கி எதற்கு?" என்ற பதில் வருவதுண்டு. இது அறியாமையால் எழும் கேள்வி என்று தள்ளிவிடுவதற்கில்லை. நீலச் சுடர் எரிகிறது; கரி படியவில்லை; கண் எரியவில்லை; வாடையும் இல்லை. கண்ணும் மூக்கும் சான்று கூறாதபோது ஆபத்து இருக்கிறதென்று எதைக் கொண்டு நம்புவது? இதற்கு விடை கூற, சிறிது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரை 25 பாகை சூடேற்ற 150 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மணிக் கணக்கில் 9,000 கிலோ கலோரி. சமையல் எரிவாயு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி தருகிறது. கருவியில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டால், மணிக்கு ஒரு கிலோ எரிவாயு செலவாகும். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய சுமார் 12 கனமீட்டர் காற்று தேவை. அதிலுள்ள பிராணவாயு இரண்டரை கனமீட்டர். ஓய்வாக இருக்கும் ஒரு மனிதர் மணிக்கு 15 லிட்டர் பிராணவாயுவையே செலவிடுகிறார். ஆகவே, எரியும் கீசர் ஒன்று 150 பேருக்கு மேற்பட்டோர் கூடி மூச்சுவிடுவதற்கு ஒப்பாகக் காற்றை உட்கொள்கிறது. குளியலறையில் 150 பேரை அடைத்துக் கதவைத் தாழிட எவரும் துணியமாட்டார்.

அடுக்குமாடி வீட்டின் குளியலறை பெரும்பாலும் 8 கனமீட்டர் கொள்ளளவு கொண்டது. சன்னலும் கதவும் இறுக மூடியிருக்க, கருவி அறைக்குள்ளேயே 10 நிமிடம் எரிந்தால் 2 கனமீட்டர் காற்றின் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அறைக்காற்றில் 21 சதவீதமாக இருந்த பிராணவாயு 16 சதவீதத்தை நெருங்குகிறது. அந்நிலையை எட்டும் முன்பே, 18, 19 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதே, சுடரின் இயல்பு கெடத் தொடங்கிவிடும். கரியமில வாயுவாக வெளியேற வேண்டியதில் ஒரு பகுதி முற்றும் எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. அந்த வாயு அறைக்காற்றில் கலந்து மேலும் கூடுகிறது. சுடர் மேலும் கெடுகிறது. இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் தீமை.

பல கருவிகளில் 20 நிமிடத்துக்குப் பின் தானே அணைந்துவிடும் அமைப்பு உண்டு. அதை நம்பி அமைதி கொள்வோர் பலர். மேலே கண்ட கணக்கின்படி 20 நிமிடம் என்பது மூடிய சிறு அறைக்கு மிக நீண்ட காலம். மேலும், ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவர் குழாயைத் திறக்கும்போது நேரக்கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடும். அறையின் காற்று அவ்வாறு புதிதாகத் தொடங்குவதில்லை. வரிசையில் கடைசியாகக் குளிப்பவரே கெட்ட காற்றின் பெரும்பங்கைச் சுவாசிக்கிறார்.

கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் 1,600 பங்கு இருந்தால் 20 நிமிடத்தில் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் தோன்றும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். 6,400 பங்கு இருந்தால் ஓரிரு நிமிடங்களில் தலைசுற்றும். 20 நிமிடத்துக்குள் மரணம் நேரலாம். தலை சுற்றும்போதே கைகால்களின் வலுவும் குன்றுவதால், தாழ்ப்பாளை நீக்கி வெளியே வரும் வாய்ப்பும் போய்விடுகிறது. ஆபத்தை உணரும் அறிவையே முதலில் மங்கச் செய்யும் நஞ்சு இது.

சிலிண்டரிலுள்ள எரிவாயுவுக்கு இயற்கையில் வாடை மிகக் குறைவு. கசிவை மக்கள் உணரும்பொருட்டு மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலந்து தருகிறார்கள். அதனால், வாடை வந்தால் ஆபத்து, வராவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கார்பன் மோனாக்சைடோ எரிந்த பின் உருவாகும் வாயு. எரியும்போது அந்த நாற்றப்பொருளும் எரிந்துவிடுகிறது. கசிவுக்கென அமைந்த எச்சரிக்கை இந்த வாயுவுக்குப் பயன்படாது.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹோலிப் பண்டிகை நாளில், உத்தரப்பிரதேசத்தின் முராத்நகரில் வண்ணம் கழுவக் குளியலறைக்குச் சென்ற ஒரு தம்பதி உயிரிழந்தனர். அதே பண்டிகையையொட்டி மும்பையின் காட்கோபரிலும் மற்றொரு தம்பதி இறந்தனர். இரண்டிலும் எரிவாயுக் கீசரே காரணமென்று ஐயுறப்பட்டது. பண்டிகை நாளில் நெடுநேரம் வெந்நீர் ஓடும் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். இத்தகைய செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்துகொண்டேயிருக்கின்றன.

செய்தியாகாமல் போவன எத்தனை என்பதே கவலைக்குரியது. குளியலறையில் மயங்கி விழுந்தவர் மீட்கப்பட்டால், அது மாரடைப்பு, மின்னதிர்ச்சி, வலிப்பு என்று பலவாறு பொருள் கொள்ளப்படலாம். தென்னிந்தியாவுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிப்பதால் தோன்றும் வலிப்பு நோய் ஒன்று, குறிப்பாகக் கர்நாடகத்தின் மைசூர், மாண்டியா வட்டாரங்களில், மருத்துவர்களால் நெடுங்காலமாக அறியப்பட்டது. குளியலறை மயக்கத்தை இந்நோயெனக் கொண்டு வலிப்பு மருந்து கொடுத்தனுப்பினால், நோயாளி மறுநாள் அதே அறைக்கு, அதே கருவிக்கு முன் திரும்பிச் செல்கிறார். இந்திய மருத்துவ இதழ்கள் 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் இந்த மயக்கங்களையும் வலிப்புகளையும் 'கேஸ் கீசர் நோய்க்குறி' என்று தனியே பெயரிட்டு எழுதத் தொடங்கின. "குளியலறையில் என்ன கருவி இருக்கிறது?" என்பது மருத்துவர் கேட்க வேண்டிய வினாக்களில் ஒன்றாயிற்று.

2020ஆம் ஆண்டுத் தொற்றுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அதனை இங்கு நம்பலாகாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பிராணவாயு ஏறியதாகவே அக்கருவி படித்துவிடும். உயிருக்குப் போராடுபவரின் விரலில் அது 97, 98 எனக் காட்டக்கூடும்.

இனி வெளிப்போக்கின் வகைகள். முதல் வகை, வெளிப்போக்கே இல்லாதது. கருவியின் மேல்விளிம்பிலுள்ள துளைகள் வழியே எரிந்த வாயு அறைக்குள்ளேயே விடப்படுகிறது. மலிவானது, எங்கும் மாட்டலாம். ஆபத்துகளில் பெரும்பாலானவை இதைச் சார்ந்தவை. 1868இல் லண்டனில் வண்ணம் பூசும் தொழில் செய்துவந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் முதன்முதலாக இவ்வகை வெந்நீர்க் கருவியை அமைத்து, ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரால் அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். அக்கருவியிலும் வெளிப்போக்குக் குழாய் கிடையாது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய அக்குறையே இன்றும் அட்டைப்பெட்டியில் அடைக்கப்பட்டுக் கடைக்கு வருகிறது. சீன அரசு 1999ஆம் ஆண்டில் இவ்வகைக் கருவிகளின் உற்பத்தியைத் தடை செய்தது.

இரண்டாவது, இயற்கை இழுவையால் இயங்குவது. கருவியின் தலையில் ஒரு குழாய். அது மேல்நோக்கி எழுந்து, பின் வெளியே செல்லும். சூடான வாயு இலேசானது. ஆதலால் தானே உயரும். ஆனால் இந்த இழுவிசை மிக மெல்லியது. 120 பாகை வெப்பமுள்ள வாயுவுக்கு ஒரு மீட்டர் உயரக் குழாய் தரும் விசை ஏறத்தாழ 3 பாஸ்கல் மட்டுமே. கருவியிலிருந்து நேரே பக்கவாட்டில் குழாயைத் திருப்பிச் சுவரைத் துளைத்தால் இழுவை ஏற்படாது. வாயு கருவியின் முன்புறமாகவே அறைக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது வகையில், மின்விசிறி ஒன்று எரிந்த வாயுவை வெளியே தள்ளுகிறது. குழாய் கிடையாகச் செல்லலாம். குழாய் அடைபட்டால் அழுத்தத்தை உணர்ந்து எரிவாயுவை நிறுத்தும் அமைப்பும் இதில் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லையேல் வெந்நீரும் இல்லை. அதைக் குறையெனக் கருதுவதற்கில்லை. ஆனால் சுடருக்கான காற்றை இதுவும் அறையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எனவே காற்று உள்ளே வரத் தனி வழி இன்றியமையாதது.

நான்காவது வகையே முழுமையானது. ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாயாக அமைந்த இரட்டைக் குழாய் சுவரைக் கடந்து வெளியே செல்கிறது. வெளிக்குழாய் வழியே காற்று உள்ளே வருகிறது. உட்குழாய் வழியே எரிந்த வாயு வெளியேறுகிறது. எரியும் அறை முழுதும் மூடப்பட்டிருப்பதால், வீட்டுக் காற்றுக்கும் சுடருக்கும் தொடர்பே இல்லை. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள், குளியலறையில் இவ்வகையைத் தவிர வேறெந்த எரிவாயுக் கருவியும் புதிதாக மாட்டலாகாது என்று கூறுகின்றன. விலை கூடுதல் என்பதே இதன்மேல் சொல்லப்படும் குறை.

குழாய் எதனால் ஆனது என்பதும் முக்கியம். சாதாரணக் கருவியின் வெளிவாயு 100 பாகைக்கு மேல் சூடானது. கழிவுநீருக்குப் பயன்படும் பிளாஸ்டிக் குழாயைச் சில இடங்களில் இதற்கும் பொருத்திவிடுகிறார்கள். அது இளகி, வளைந்து, இணைப்பு விட்டுப்போகும். துருப்பிடிக்காத எஃகோ, உறுதியான அலுமினியமோ வேண்டும். வாயுவின் ஈரத்தை நீராக்கி அந்த வெப்பத்தையும் மீட்கும் சிக்கனக் கருவிகளுக்குத் தக்க பிளாஸ்டிக் குழாய் பொருந்தும். அவற்றின் வெளிவாயு அத்தனை சூடற்றது. அவை இந்தியச் சந்தையில் பரவலாக இல்லை. அங்கே வடியும் நீர் அமிலத்தன்மை உடையதாதலால் அதற்கும் தனி வடிகால் வேண்டியிருக்கும்.

ஹைதராபாத்தின் அடுக்குமாடிகளில் இவ்விதிகள் எப்படிப் பொருந்துகின்றன என்பதே நடைமுறைக் கேள்வி. பெரும்பாலான குளியலறைகள் தெருவையோ தோட்டத்தையோ பார்ப்பதில்லை. மேலிருந்து கீழ்வரை செல்லும் காற்றுக்கூண்டு ஒன்றையே பார்க்கின்றன. 'டக்ட்' என்று குடியிருப்போர் கூறுவது அதுவே. தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, குளியலறைக்குக் குறைந்தது 0.37 சதுர மீட்டர் திறப்பு வேண்டுமென்கிறது. 10 மீட்டர் உயரம் வரையுள்ள கட்டடத்தில் காற்றுக்கூண்டு 1.2 சதுர மீட்டர், 18 மீட்டர் உயரமானால் 4 சதுர மீட்டர் என்று அளவும் தருகிறது. இவ்வளவுகள் ஈரத்தையும் வாடையையும் போக்குவதற்காக வகுக்கப்பட்டவை. ஐந்து மாடிகளின் கீசர்கள் காலை 7 மணிக்கு ஒரே கூண்டில் மூச்சுவிடும் நிலை வேறு. அக்கூண்டின் உச்சியை மழைக்கஞ்சித் தகடு போட்டு மூடியிருந்தால், கீழ்வீட்டின் வாயு மேல்வீட்டின் சன்னல் வழியே நுழைய வேண்டியதுதான். கருவியே இல்லாத வீட்டுக்காரர் கருவியின் தீமைக்கு ஆளாவதும் இவ்வாறு நேரலாம்.

குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி இருக்கிறதே, அது போதாதா என்ற கேள்வியும் உண்டு. வெளிப்போக்கில்லாத கருவிக்கு அது ஓரளவு துணை. இயற்கை இழுவைக் கருவிக்கோ அது பகை. மூடிய அறையிலிருந்து விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது அறையின் அழுத்தம் குறைகிறது. 3 பாஸ்கல் விசையுள்ள புகைபோக்கியால் அதை எதிர்த்து நிற்க இயலாது. வெளிக்காற்று குழாய் வழியே கீழிறங்கி, எரிந்த வாயுவைத் திரும்ப அறைக்குள் கொணர்கிறது. நல்லெண்ணத்துடன் சேர்க்கப்பட்ட ஒரு சாதனம் மற்றொன்றின் பயனை அழிக்கிறது. பழைய மரக்கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. சாய்வுக் கண்ணாடிப் பலகணி எப்போதும் சிறிது திறந்தே கிடந்தது. இன்றைய பிளாஸ்டிக் கதவும் நகரும் அலுமினியச் சன்னலும் அந்தக் 'குறைகளை' நீக்கிவிட்டன. கதவின் அடியில் காற்றுச் சட்டம் ஒன்று வைப்பது தச்சருக்கு அரைநாள் வேலை.

இந்நகரத்தின் புறாக்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோடையில் பயன்படாமல் கிடக்கும் குழாயின் வாயில் புறா கூடு கட்டினால், முதற்குளிர் நாளில் கருவியை ஏற்றும்போது வெளிப்போக்கு அடைபட்டிருக்கும். குழாயின் முனையில் கம்பி வலைத் தொப்பி இருப்பது அவசியம். கருவிக்குள்ளும் அடைப்பு நேரும். வெப்பமாற்றியின் செம்பு இதழ்களிடையே தூசியும் கரியும் படிந்தால் வாயு மேலே செல்லும் வழி குறுகும். சுடர் நீலம் மாறி மஞ்சளாவது, கருவியின் முகப்பில் கரிநிறம் படர்வது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். அவை தெரிந்தால் சுத்தம் செய்யும்வரை கருவியை இயக்கலாகாது.

கெயில் நிறுவனமும் இந்துஸ்தான் பெட்ரோலியம் நிறுவனமும் இணைந்து 2003இல் தோற்றுவித்த பாக்யநகர் எரிவாயு நிறுவனம் இந்நகரில் குழாய் வழி எரிவாயு வழங்கி வருகிறது. சிலிண்டர் வாயுவும் குழாய் வாயுவும் வேறு வேறு பொருள்கள்; முன்னதைவிடப் பின்னது வெப்பத்திறன் குறைந்தது. ஒன்றுக்கென அமைந்த துளைமுனையை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் சுடர் கெடும். குழாய் வாயுவுக்கான பெரிய துளையில் சிலிண்டர் வாயுவைச் செலுத்துவது கார்பன் மோனாக்சைடைக் கேட்டு வாங்குவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவுக்கும் எளிய விடை ஒன்று பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. சமையலறையை ஒட்டித் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் விடப்படும் திறந்த பின்கட்டில், அதாவது 'யுடிலிட்டி' பகுதியில், கருவியை மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே குளியலறைக்குக் கொண்டு செல்வது. சில மீட்டர் செம்புக் குழாயும், அதற்கு வெப்பம் காக்கும் உறையும் செலவாகும். வெந்நீர் வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும். ஹமாம் வீட்டுக்கு வெளியே நின்றதன் தத்துவமே இது. ஆனால் அந்தப் பின்கட்டைப் பிற்பாடு கண்ணாடி போட்டு அடைத்துச் சிறு அறையாக்கிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அடைத்தபின் அதுவும் குளியலறையைப் போன்றதே.

வேறிடமே இல்லாத வாடகை வீட்டில், வெளிப்போக்கற்ற கருவியை உடனே மாற்ற இயலாதவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கதவும் சன்னலும் திறந்திருக்க வாளியில் நீரை நிரப்பி, கருவியை அணைத்து, சிறிது நேரம் காற்றோடவிட்டு, பின்னர் குளிப்பது. 20 லிட்டர் வாளி மூன்றரை நிமிடத்தில் நிரம்பும்.

அலுவலர்களின் பொறுப்பு இவ்விடத்தில் வருகிறது. சமையல் எரிவாயுவால் இயங்கும் சிறு வெந்நீர்க் கருவிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2005இல் 15558 என்ற எண்ணுள்ள தரத்தை வகுத்தது. தர முத்திரை கருவியின் அமைப்புக்குச் சான்று. அது மாட்டப்படும் அறைக்குச் சான்றன்று. கட்டட அனுமதி தரும்போது கீசர் வரைபடத்தில் இல்லை. குடிபுகுந்த பின் வீட்டுக்காரர் அதை வாங்குகிறார். கடைக்காரர் விற்கிறார், குழாய்த் தொழிலாளி நீரை இணைக்கிறார், வேறொருவர் எரிவாயுவை இணைக்கிறார். வெளிப்போக்கு எவருடைய வேலை என்று எவரும் சொல்லவில்லை. கட்டும்போதே குளியலறைச் சுவரிலோ பின்கட்டிலோ வெளிப்போக்குக்கென ஒரு துளைக்குழாயைப் பதித்துவிட வேண்டுமென நகராட்சி அலுவலர் கேட்கலாம். செங்கல் அடுக்கும்போது அதற்கு ஆகும் செலவு அற்பம். எரிவாயு இணைப்பைச் சோதிக்க வருபவர் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கீசரின் தலைமேல் குழாய் இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய்த் தொழில் கற்கும் மாணவர்க்கு இழுவை, காற்றளவு என்ற இரண்டையும் ஒரு வாரத்தில் கற்பித்துவிட முடியும்.

கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவிகளும் உள்ளன. ஐரோப்பியத் தரத்தின்படி அமைந்தது, பத்து லட்சத்தில் 300 பங்கு வந்தால் மூன்று நிமிடத்துக்குள் கூவும். வெளிப்போக்குக்கு அது மாற்றாகாது. குழாய் ஒருநாள் அடைபட்டால் அறிவிக்கும்.

குளியலறைக்குச் சென்றவர் அழைப்புக்கு மறுமொழி தராவிட்டால் கதவை உடைக்கத் தயங்கலாகாது. எரிவாயுவை அடைத்து, சன்னலைத் திறந்து, மயங்கியவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வரவேண்டும். மீட்கச் செல்பவரும் அங்கே நின்று ஆராயாமல் உடனே வெளியேற வேண்டும். உள்ளிருக்கும் காற்று அவரையும் வீழ்த்தும். 2005 ஆகஸ்டு 15இல் ஹைதராபாத்தில்தான் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கியது. அழைக்கும்போதே "எரிவாயுக் கீசர்" என்ற சொற்களைக் கூறிவிடுவது நல்லது. சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். முழுப் பிராணவாயு கொடுத்தால் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் அது நிகழும். பிழைத்து எழுந்து நன்றாகப் பேசுபவரையும் மருத்துவமனைக்கு அனுப்பவே வேண்டும். மறதி, நடை தள்ளாடல், குணமாற்றம் ஆகியவை சில வாரங்கள் கழித்துத் தோன்றுவதுண்டு.